ஊதா மூடி

பிரேம்: அக்கா, ஆம்புலன்ஸ ஸ்டார்ட் பண்ணியே வெச்சிருக்கறேன். வாங்க.

பூங்குழலி: சித்தெ இரு பிரேம்...

பிரேம்: சித்தெ சித்தென்னே கால்மணி நேரம் ஆச்சுங்க. பேஷண்ட்டு ரெடி. டாக்டரம்மா லெட்டர் ரெடி. உங்களுக்கு ரெண்டு மணிக்குச் சேலத்துல பரீட்ச. இன்னும் அந்த மைக்ராஸ்கோப்புல என்னத்தத்தான் பாக்கறீங்க?

பூங்குழலி: அந்தம்மா ரத்தத்த.

பிரேம்: அதான் மெஷின் பாத்துச் சொல்லிருச்சே. பிளேட்லெட் பதினெட்டாயிரம். ஒன்னரை லட்சம் இருக்க வேண்டியது. டெங்குவா இருக்கும், எப்ப வேணா ரத்தம் கசியும், ஒடனே கீழ எறக்குங்கன்னு டாக்டரம்மா எழுதியாச்சு. நீங்களும் அதே வண்டில ஏறுனா நேரத்துக்குப் போய்ச் சேந்தரலாம். காலைப் பஸ்ஸத்தான் வுட்டுட்டீங்க.

பூங்குழலி: நானா வுட்டேன்? ஏழு மணிக்கே காய்ச்சல்காரங்க பன்னண்டு பேரு வந்து நின்னா... லேபுல இருக்கறது நான் ஒருத்தி.

பிரேம்: சரிங்க. அடுத்த பஸ்ஸு பதினொன்னரைக்கு. அதுல போனா மூணு மணிக்குப் பரீட்ச ஹாலக் கூட்டத்தான் போவோணும்.

பூங்குழலி: தெரியும்.

பிரேம்: டிகிரில கடைசிப் பிராக்டிகல். இத வுட்டா இன்னொரு வருசம்னு நீங்கதான் பொலம்புனீங்க. அஞ்சு வருசமா மலையெறங்கி மலையேறிப் படிச்சது...

பூங்குழலி: மூணு வருசம். பெருசாக்காத.

பிரேம்: எழுபது வளைவுலயும் வாந்தி எடுத்துக்கிட்டே படிச்சீங்கல்ல? அது ஆறு வருசத்துக்குச் சமம்.

பூங்குழலி: வாய மூடிட்டு இங்க வா. இதுல கண்ண வெய்யி. என்ன தெரியுது?

பிரேம்: எனக்கு ஸ்டேரிங்கு புடிக்கத்தான் தெரியும்... வட்டம் வட்டமா, செவப்பா...

பூங்குழலி: இரு, ஓரத்துக்கு நகத்தறேன். இப்ப?

பிரேம்: ஊதாக் கலர்ல என்னமோ... திட்டுத் திட்டா. கேவுருக் கூழ்ல கட்டி தட்டுன மாதிரி.

பூங்குழலி: அதேதான்! ஒவ்வொரு திட்டுலயும் இருவது முப்பது பிளேட்லெட்டு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்குது.

பிரேம்: அப்ப மெஷினு எண்ணுனது?

பூங்குழலி: தனித்தனியா இருந்தாத்தான் அதுக்கு எண்ணத் தெரியும். அறுவது பேரு உக்காந்த பஸ்ஸ அடிவாரத்துச் செக்போஸ்ட்டுல ஒரு வண்டின்னுதானே எழுதறாங்க? அது மாதிரி.

பிரேம்: அப்ப அந்தம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்களா?

பூங்குழலி: அதுக்குள்ள சொல்ல முடியாது. நாம ரத்தம் எடுக்கற ஊதா மூடிக் குப்பில, ஒறையாம இருக்க ஒரு மருந்து இருக்குதில்ல... ஆயிரத்துல ஒருத்தரு ரத்தத்துக்கு அது ஆவாது. குப்பில வுழுந்ததும் ஒட்டிக்கும். நீல மூடிக் குப்பில வேற மருந்து. அதுல எடுத்து ஓட்டிப் பாத்தாத் தெரிஞ்சு போவும்.

பிரேம்: எவ்வளவு நேரம்?

பூங்குழலி: இருவது நிமிசம்.

பிரேம்: அக்கா... ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அதுல கவுண்ட்டு சரியா இருந்துச்சுன்னா, பேஷண்ட்டு போவ வேண்டியதில்ல. பேஷண்ட்டு இல்லாம ஆம்புலன்ஸ கீழ எறக்குனா என்ற வேலை போயிரும். அத நெனச்சுப் பாத்தீங்களா?

பூங்குழலி: நெனச்சேன்.

பிரேம்: பேசாமக் கூட்டிட்டுப் போயிரலாங்க. சேலத்துல பெரிய பெரிய டாக்டருங்க இருக்கறாங்க, அவங்க பாத்துத் திருப்பி அனுப்பிருவாங்க. உங்களுக்கும் பரீட்ச முடிஞ்சிரும்...

பூங்குழலி: அங்கயும் ஊதா மூடிதான் பிரேம். அங்கயும் மொதல்ல மெஷின்தான். யாராச்சும் ஸ்லைடு போட்டுப் பாத்தாச் சரி. பாக்கலீன்னா? அடுத்தவங்க ரத்தத்துல பிரிச்ச பிளேட்லெட்ட இந்தம்மாவுக்கு ஏத்துவாங்க. நாலு நாளு படுக்க வெப்பாங்க. அந்த ரிப்போர்ட்டுல கீழ இருக்கறது என்ற கையெழுத்து. போ, அவங்கள வரச் சொல்லு.

சென்னம்மாள்: வரச் சொல்றதென்ன, வந்துட்டேன். ஏஞ்சாமி, வண்டில ஏறுன்னீங்க, ஏறி உக்காந்தேன். இப்ப எறங்குங்கறீங்க. ஏதாவது ஒரே பேச்சாச் சொல்லுங்க.

பூங்குழலி: கோவிச்சுக்காதீங்கம்மா. இந்தக் கையக் காட்டுங்க. இன்னொருக்கா ரத்தம் எடுக்கோணும்.

சென்னம்மாள்: காலைலதானே ஒரு குப்பி எடுத்த! அத என்ன, குடிச்சுப் போட்டீங்களா?

பூங்குழலி: உங்க ரத்தத்துக்கு அந்தக் குப்பி ஒத்துக்கலியோன்னு சந்தேகமுங்க.

சென்னம்மாள்: குப்பி ஒத்துக்கலீன்னா குப்பிய மாத்துங்க, என்ன எதுக்குக் குத்தறீங்க?

பூங்குழலி: பல்லு வெளக்கறப்ப ரத்தம் வந்துச்சுங்களா? மூக்குல? கால்ல செவப்புச் செவப்பாப் புள்ளி ஏதாச்சும்?

சென்னம்மாள்: ஒண்ணுமில்ல. காய்ச்சலு, ஒடம்பு நோவு. நாலு நாளா மரவள்ளி புடுங்குனா ஒடம்பு நோவாம என்ன பண்ணும்?

பூங்குழலி: கூட யாரு வந்திருக்கறாங்க?

சென்னம்மாள்: யாருமில்ல. மலைக்கு அந்தப் பக்கம் குண்டூர் நாட்டுல இருந்து தனியாத்தான் வந்தேன்.

பிரேம்: சீக்கிரம் நீட்டுங்கம்மா, அக்கா பரீட்சைக்குப் போவோணும்.

சென்னம்மாள்: பரீட்சையா? இந்த வயசுலயா?

பூங்குழலி: முப்பத்தொண்ணுதானுங்க ஆவுது!

சென்னம்மாள்: முப்பத்தொண்ணுல எனக்கு மூணு புள்ளைங்க... சரி சரி, மொறைக்காத கண்ணு. வேலையும் பாத்துக்கிட்டுப் படிக்கறியா? குத்து. மெதுவாக் குத்து.

பூங்குழலி: ஆச்சுங்க. பஞ்ச அமுத்திப் புடிச்சுக்குங்க. அப்படியே வெளிய சித்தெ உக்காருங்க.

பிரேம்: மணி ஒம்பதே முக்கால்.

பூங்குழலி: மெஷினு ஓடுது. பேசாத.

பிரேம்: பேசலீங்க... இப்ப?

பூங்குழலி: பிரேம்!

பிரேம்: சரிங்க சரிங்க... அக்கா, சீட்டு வருது. என்னாச்சு?

பூங்குழலி: நீயே படி. நான் புது ஸ்லைடுக்குச் சாயம் ஊத்தறேன்.

பிரேம்: ஒண்ணு... ஒம்பது... ஆறு... அக்கா, ஒரு லட்சத்துத் தொண்ணூத்தாறாயிரம்!

பூங்குழலி: நீல மூடில மருந்துத் தண்ணி கொஞ்சம் சாஸ்தி. பத்துக்கு ஒண்ணு கூட்டிக்கோணும். ரெண்டு லட்சத்துப் பதினஞ்சாயிரம்! இரு, ஸ்லைடுலயும் பாத்தர்றேன்... அட அட அட... எவ்வளவு அழகாச் செதறிக் கெடக்குது! ஒரு திட்டு இல்ல பிரேம், ஒரே ஒரு திட்டுக் கூட இல்ல! அந்தம்மாவுக்கு ஒரு கொறையுமில்ல! நான் நெனச்சது சரி!

பிரேம்: ரெண்டு ஸ்லைடயும் குடுங்க, டாக்டரம்மாகிட்ட ஓடறேன்!

பூங்குழலி: மெதுவா! கீழ போட்டராத... வந்துட்டியா? பாத்துட்டாங்களா? என்ன சொன்னாங்க?

பிரேம்: மூச்சு வுட்டுக்கறேன் இருங்க. ரெண்டயும் அவங்களே ரூம்ல இருக்கற மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தாங்க. பாத்துட்டு லெட்டரக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. 'அந்தப் பொண்ணு மட்டும் இல்லேன்னா நான் ஒரு நல்ல மனுசிய நோயாளியாக்கிக் கீழ அனுப்பியிருப்பேன்'னு நர்சுங்க முன்னாடி வாய்வுட்டுச் சொன்னாங்கக்கா! சாதாரணக் காய்ச்சல்தானாம். மாத்தர குடுத்து ஊட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. நாளன்னைக்கு வந்து காட்டோணுமாம். வண்டிச் சாவியயும் வாங்கி வெச்சுட்டாங்க.

பூங்குழலி: நெனச்சதுதான்.

சென்னம்மாள்: என்ன, ரெண்டு பேரும் எழவு வுழுந்த ஊட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? எனக்கு ஒண்ணுமில்லீன்னுதானே சத்தம் போட்டீங்க?

பிரேம்: உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. அக்காவுக்குத்தான் பரீட்ச போச்சு. உங்களக் கொண்டு போற வண்டிலதான் அவங்களும் போறதா இருந்துச்சு.

சென்னம்மாள்: அப்ப, நான் நோவுக்காரியாவே இருந்திருந்தா நீ பரீட்சைக்குப் போயிருப்ப?

பூங்குழலி: ...ஆமாங்கம்மா.

சென்னம்மாள்: அது தெரிஞ்சேவா மறுக்காக் குத்துன?

பூங்குழலி: தெரிஞ்சுதானுங்க.

சென்னம்மாள்: ஏம் பையா, எம்போன ஊட்டுலயே வெச்சுட்டேன், உன்றதக் குடு.

பிரேம்: யாருக்குங்க?

சென்னம்மாள்: எம்பையன் அண்ணாமலைக்கு. மினி லாரி வெச்சிருக்கறான். செம்மேட்டுல மரவள்ளி லோடு ஏத்திக்கிட்டு நிக்கறான். ராசிபுரத்துச் சவ்வரிசி மில்லுக்குப் போவோணும்.

பிரேம்: தனியா வந்தேன்னீங்க!

சென்னம்மாள்: கூட ஆளிருக்குதுன்னா கூப்புட்டுக் கையெழுத்துப் போடு, கூடவே சேலத்துக்கு வாம்பீங்க. புடுங்குன கெழங்கு ரெண்டு நாள்ல கறுத்துரும். லோடு போவட்டும்னு சொல்லாம வுட்டேன்... அலோ, அண்ணாமல! லாரிய எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வா. எனக்கில்லடா, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். லேபுப் பொண்ணு பரீட்சைக்குப் போவோணும், ராசிபுரத்துல எறக்கி வுடு. முன்சீட்டத் தொடச்சு வெய்யி. பீடி கீடி புடிக்காத!

பிரேம்: ராசிபுரத்துல நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு! ஒரு மணி நேரத்துல சேலம்! அக்கா, பையி எங்க? வெள்ளக் கோட்டு? ஹால் டிக்கெட்டு?

பூங்குழலி: உன்ற வண்டிலதான் வெச்சேன்... அவசரப்பட்டு ஏத்திட்டேன்...

பிரேம்: எடுத்தாறேன்! மூஞ்சியத் தொடச்சுக்குங்க! செயிச்சுப்போட்டு யாராச்சும் அழுவாங்களா?

*

பூங்குழலி: அலோ, சென்னம்மாளுங்களா? நான் லேபு பூங்குழலி பேசறேன். சேலம் பஸ் ஸ்டாண்டுல இருந்து.

சென்னம்மாள்: கண்ணு! கேக்குலியே... இரு, பாறை மேல ஏறிக்கறேன். இப்பச் சொல்லு.

பூங்குழலி: காய்ச்சலோட பாறை மேல ஏறாதீங்கம்மா!

சென்னம்மாள்: காய்ச்சலு மத்தியானமே எறங்கிருச்சு. பரீட்ச என்னாச்சு, அதச் சொல்லு மொதல்ல.

பூங்குழலி: எழுதிட்டேனுங்க! ஒண்ணே முக்காலுக்கு உள்ள போயிட்டேன். உங்க பையன் ஓட்டுன ஓட்டுல வாந்தி எடுக்கக் கூட நேரமில்ல. கோட்டுப் பூராம் மரவள்ளி மண்ணு.

சென்னம்மாள்: அங்க என்ன கேட்டாங்க?

பூங்குழலி: வேலைல நீயாக் கண்டுபுடிச்சது ஏதாச்சும் சொல்லுன்னாங்க, கேள்வி கேக்கற மேடம். உங்களத்தான் சொன்னேன்.

சென்னம்மாள்: எம்பேரச் சொன்னியா?

பூங்குழலி: பேரச் சொல்லக் கூடாதுங்க. அம்பத்திரெண்டு வயசு, விவசாயம் பாக்கறவங்கன்னேன்.

சென்னம்மாள்: அம்பதுதான். கூட்டிச் சொல்லிப்போட்டியே.

பூங்குழலி: டாக்டரம்மா ஸ்லைடு ரெண்டயும் கையோட குடுத்தனுப்பியிருந்தாங்க. மேடம் வெச்சுப் பாத்தாங்க. பாத்துட்டு, பரீட்ச எழுத வந்த அத்தன பேரையும் வரிசைல நிக்க வெச்சுப் பாக்க வெச்சாங்க! என்றகூடப் படிச்சவங்க எல்லாரும் கைதட்டுனாங்க. மேடம் கையப் புடிச்சுக் குலுக்கி, 'மார்க்கப் பத்திக் கவலையே வேண்டாம், நிம்மதியா ஊருக்குப் போ'ன்னு சொன்னாங்கம்மா!

சென்னம்மாள்: என்ற ரத்தத்தச் சேலமே வரிசைல நின்னு பாத்துருச்சா! இனி குண்டூர் நாட்டுல எம்பேச்சுக்கு மறுபேச்சு இல்ல.

பூங்குழலி: அண்ணாமலைகிட்ட ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருக்கறேன். 'ஊதா மூடி ஆவாது, நீல மூடில எடுங்க'ன்னு. ரேஷன் கார்டு கூடவே வெச்சுக்குங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல அதக் காட்டோணும்.

சென்னம்மாள்: சரி சாமி.

பூங்குழலி: அம்மா... இன்னொண்ணு. சொல்லலீன்னா எனக்குத் தூக்கம் வராது.

சென்னம்மாள்: சொல்லு.

பூங்குழலி: காலைல மெஷின்ல இருந்து மொதச் சீட்டு வந்துச்சில்ல, பதினெட்டாயிரம்னு... அதப் பாத்ததும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க. இந்த நம்பருக்கு ஆம்புலன்ஸு எறங்கும், நானும் போயிரலாம்னு. ஸ்லைடு கூடப் போடாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். பைய வண்டில வெக்கறப்பத்தான் மனசு கேக்கல, திரும்பி வந்து பாத்தேன். எல்லாரும் கைதட்டறாங்க... எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது.

சென்னம்மாள்: அட கண்ணு. நீ சீட்டப் பாத்துச் சிரிச்சத நான் சன்னல்ல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுவரைக்கும் எனக்கு ஒரே பயம், எம்பையனும் லோடே வேண்டாம், கூட இருக்கறேன்னு நின்னான். உன்ற சிரிப்பப் பாத்துத்தான், 'எனக்கு ஒண்ணுமில்லடா, நீ போயி லோடு ஏத்து'ன்னு அவன அனுப்பி வெச்சேன். அவன் லோடு ஏத்துனதாலதான் நீ ராசிபுரத்துக்குப் போவ வண்டி நின்னுச்சு.