மேனேஜர் வேலைக்கு வந்த அழைப்பு

மீனாட்சிபுரம் பால் சொசைட்டி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். மூத்தவர் பால்கேனைத் தரையில் வைத்துவிட்டுச் சீறினார்.

"என்னைய பெங்களூருக்கு மேனேஜர் வேலைக்குக் கூப்புடறானுங்க அம்மிணி, மெயில்ல!"

"உங்களையாங்க்கா?"

"சொசைட்டில மெயில் ஐடி கேட்டாங்கன்னு மக எம்பேருல ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுத்தா, அதுக்கு வந்துருக்குது. 'உங்க அனுபவத்தப் பாத்து அசந்துட்டோம்'ங்கறான். நாலு மாடு கறக்கறத எங்க நின்னு பாத்தான்?"

"அழிச்சுட்டுப் போங்க்கா."

"உடுவனா? அதே கம்பெனிக்கு எம்மக மூணு தடவ எழுதிப் போட்டா. எம்.பி.ஏ. படிச்சவ. ஒரு பதிலு இல்ல. 'நான் வந்தா மாட்ட ஆரு கறக்கறது, ஊட்டுல இருக்கற எம்மகளக் கூப்புடுங்க'ன்னு அவளையே எழுத வெச்சேன்."

"பதில் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு, எனக்கு. எப்ப வந்து சேர்றீங்கன்னு கேக்கறான்."