ஆறு வளைவுகள்

எனக்குச் சைக்கிள் ஓட்ட வராது. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். இந்த அறையில் நீங்களும் உங்கள் எழுத்தரும்கூடச் சிரித்தீர்கள். நாடி பார்க்கிறவனுக்குக் காய்ச்சல் வந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

பதினோரு வருடமாக இந்தச் சைக்கிள் அணிக்கு மலைப் பந்தயங்களைக் கணித்துத் தருகிறேன். யார் எந்த ஏற்றத்தில் முந்துவான், யார் எங்கே சோர்வான், காற்று எந்தத் தோளில் அடிக்கும். ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தொடை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒருவனுக்கே கொடுக்க முடியாது.

என் தங்கை கணவனை அணியில் சேர்த்துவிட்டதும் நான்தான். தண்ணீர் பாட்டில்களைச் சுமந்துகொண்டு போய் அணித் தலைவனிடம் கொடுக்க ஏற்ற ஆள். மூன்று வருடம் அதை ஒழுங்காகச் செய்தான். நான்காம் வருடம் தனக்கும் அபிப்பிராயம் உண்டு என்று நினைக்கத் தொடங்கினான்.

அன்று ஐந்து மலைகள். காலை உணவு மேசையில் வழக்கம்போல் வாசித்தேன். முதல் மலையில் யாரோ நாலு பேர் தொலைக்காட்சியில் முகம் தெரிவதற்காக ஓடுவார்கள். மூன்றாவதில் பிடிபடுவார்கள். நான்காவதில் நம் ஆட்கள் வேகத்தைக் கூட்டுவார்கள், ஐந்தாவதில் தலைவன் ஜெயிப்பான். மாப்பிள்ளை நான்காவது மலையோடு தீர்ந்துவிடுவான், அதுவரை தண்ணீர் சுமந்தால் போதும்.

அவன் வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகத்தான் பேசினான்.

"மச்சான், நீங்க மலைய பேப்பர்ல ஏறுறீங்க. நாலாவது மலையில நான் தனியா கிளம்பப் போறேன். கடைசிக் கோட்டுல வந்து பாருங்க, உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன்."

மேசையே சிரித்தது. தலைவனும் சிரித்தான். சங்கிலியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் விளங்காத மெக்கானிக், தேநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தான்.

நான் கோபப்படவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அறைக்குப் போய் அவனுடைய பயிற்சிக் குறிப்புகளை மறுபடி பார்த்தேன். அவன் சொன்னது சரி. நான்காவதில் கிளம்பினால் அவனை யாராலும் பிடிக்க முடியாது. நாற்பது நொடி வித்தியாசத்தில் ஜெயிப்பான். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது, விட்டம் அங்கே இருந்துவிட்டது.

பந்தயத்துக்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதித் தருவேன். இரண்டு விரல் அகலம். கைப்பிடியில் ஒட்டிக்கொள்வார்கள். அடுத்த வளைவு எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தப் பக்கம், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும். மணிக்கு எண்பது கிலோமீட்டரில் இறங்கும்போது அவர்கள் நம்புவது சாலையை அல்ல, தாளை. கூட்டமாக வருகிறவன் முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துச் சமாளிக்கலாம். தனியாகப் போகிறவனுக்கு வேறு கண் கிடையாது.

நான்காவது மலையின் இறக்கத்தில் ஆறு வளைவுகள். ஐந்தாவது, மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து, வந்த வழிக்கே திரும்பும். வெளிப்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டியின் கல் சுவர். மற்ற ஏழு பேருக்கும் ஆறு வரி எழுதினேன். அவனுக்கு ஐந்து. பொய்யாக ஒரு சொல்கூட எழுதவில்லை.

நாங்கள் வழி பார்க்கப் போனபோது அவன் வந்திருந்தால் தானே தெரிந்துகொண்டிருப்பான். வரவில்லை. தங்கைக்கு ஏழாம் மாதம், அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தொழிலில் அக்கறை இல்லாதவன்.

நான்காவது மலையில் சொன்னபடி கிளம்பினான். பயிற்சியாளர் காரை ஓட்டிக்கொண்டே, உன் மாப்பிள்ளை பறக்கிறானய்யா என்றார். ரேடியோ என் மடியில் இருந்தது. அந்த வளைவுக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் என் பேச்சைக் கேட்டிருக்க மாட்டான். வளைவு வருகிறது என்று எச்சரிக்கும் கொடிக்காரர் அதற்கு இருபது மீட்டர் முன்னால்தான் நின்றிருக்கிறார். எண்பதில் அது ஒரு நொடிகூட இல்லை.

நொறுங்கிய கைப்பிடியிலிருந்து தாளைப் பிரித்து, தலைவனுடைய தாளோடு வைத்துப் பார்த்து, உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவன் மெக்கானிக். அவனுக்கு ஆறுவரை எண்ணத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆக, வளைவை விட்டது நான். தெரிந்தேதான் விட்டேன். அங்கே சுவர் இருப்பதும் எனக்குத் தெரியும்.

மருத்துவமனை வராந்தாவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாளைப் பற்றி அவளுக்கு அப்போது தெரியாது.

"காலையிலயே வேணாம்னு சொன்னியாம்ல அண்ணா. இவர் ஏன் கேக்கல?"

அவன் எப்போதுமே அப்படித்தானே என்றேன்.

"பொறக்கப் போறதையாவது நீ சொல் பேச்சுக் கேக்குற மாதிரி வளத்துக் குடு."

சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதி முடித்தாயிற்று என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். அவளுக்கு நாள் நெருங்குகிறது. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு வழி சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.