எட்டாவது குரல்

படார். படார். பிறகு ஒன்றுமில்லை.

இந்த இடைவெளிதான் கூடாதது. வன்னியில் பழகின காதுக்கு அது தெரியும். அடுத்தது கிட்ட விழும்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்துவது நான்தான். கன்னம் சீமெந்துத் தரையில் கிடக்கிறது. படபடவென்று சரமாக வெடிக்கத் தொடங்குகிறது. யன்னல் கண்ணாடி அதிர்கிறது. வெடிமருந்து மணம் உள்ளே வருகிறது. பக்கத்தில் ஒருவர் சிங்களத்தில் செபம் சொல்கிறார்.

இது வன்னி இல்லை. கொழும்பு, கொட்டாஞ்சேனை. போர் முடிந்து எத்தனையோ வருடம். சனிக்கிழமை, நல்ல வெய்யில். வெளியே வெடிப்பது பட்டாசு. எங்கேயோ வெளிநாட்டில் நடந்த கிரிக்கெட்டில் இலங்கை வென்றதாம். அது பிறகுதான் தெரிந்தது. கோயில் திருநாள் என்றால் முன்கூட்டியே சொல்லுவார்கள், நாங்கள் மண்டபத்தைப் பூட்டிவிடுவோம். கிரிக்கெட்டுக்கு யார் சொல்லுவது?

நான் மருத்துவர். வெடி அதிர்வில் மூளை அடிபட்டவர்களுக்கு இந்த மண்டபத்தில் ஒரு சிகிச்சைத் திட்டம் நடத்துகிறேன். முன்னாள் படையினர், தீயணைப்புக்காரர், அம்புலன்ஸ் ஆட்கள். எட்டுப் பேர். தலை தப்பினது தம்பிரான் புண்ணியம் என்பார்கள். இவர்களுக்குத் தலை தப்பியது. உள்ளே இருந்தது தப்பவில்லை. நேர்கோட்டில் நடக்கப் பழக்குகிறோம். தொலைந்த சொற்களைத் தேடுகிறோம். ஒரு படைக்காரருக்குத் தேத்தண்ணி போடும் ஒழுங்கு மறந்துவிட்டது. சீனியைக் கேத்தலுக்குள் கொட்டுவார்.

வெள்ளவத்தையில் எங்கள் மேல்வீட்டு அன்ரி ஒருநாள் கேட்டா. "உங்களுக்கு ஷெல் அடிச்ச ஆக்களுக்கோ பிள்ளை மருந்து பாக்கிறீர்?" நியாயமான கேள்வி. எனக்குக் கோபமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால் கேத்தலுக்குள் சீனி கொட்டுகிற மனிசனோடு எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது?

பட்டாசு ஓய்கிறது. காது இரைகிறது. "பேரைச் சொல்லுங்கோ" என்கிறேன்.

இது எங்கள் வழக்கம். வன்னியில் கடைசி மாதங்களில் பங்கருக்குள் பழகினது. ஷெல் ஓய்ந்ததும் இருட்டில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல வேண்டும். அம்மா எண்ணுவா. ஒருமுறை ஒரு குரல் குறைந்தது. என் தங்கை வதனியின் குரல். தண்ணீர்ப் போத்தல் எடுக்க வெளியே போயிருந்தாள். எண்ணிக்கை பொய் சொல்லாது என்று அன்றைக்குப் படித்தேன். அதை இந்த மண்டபத்துக்கும் கொண்டுவந்தேன். சத்தம் கேட்டால் படு. ஓய்ந்ததும் பெயரைச் சொல். நீ யார், எங்கே கிடக்கிறாய் என்று மூளைக்கு ஞாபகம் வரும்.

பெயர்கள் வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறேன். பாலா. சரத். கடைசிப் பெயர் வரைக்கும் எட்டு. சரி. மூச்சு விடுகிறேன்.

சரத் தீயணைப்புக்காரர். போர்க்காலத்தில் குண்டு வெடித்த ஒரு கட்டடத்துக்குள் ஆட்களைத் தூக்கப் போனவர். உள்ளே நிற்கும்போது இரண்டாவது குண்டு. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. பேச்சு மட்டும் போய்விட்டது. தன் பெயரைச் சொல்லவே வாய் கோணும். மனைவி மல்லிகா ஒவ்வொரு சனியும் கூட்டிக்கொண்டு வருவா. அவர் வாயால் ஒரு முழுச் சொல் கேட்டால் போதும் என்பா. அதற்காகத்தான் பாடுபட்டோம். 'ச' வரைக்கும் வந்திருந்தார்.

சரத் திணறுவதைப் பாலாவால் பார்க்க முடியாது. பாலா வன்னியில் அம்புலன்ஸில் வேலை செய்தவர். தன் பெயரைச் சொன்ன கையோடு சரத்தின் பெயரையும் சொல்லிவிடுவார். எல்லாருக்கும் அது பழகிப்போனது.

எழும்புகிறேன். கதவு திறந்து கிடக்கிறது. சரத்தின் பாய் வெறுமையாக இருக்கிறது.

சத்தம் கேட்டால் எங்கள் சனம் படுக்கும். படைக்காரர் மறைப்புத் தேடுவார். தீயணைப்புக்காரர் சத்தத்தை நோக்கி ஓடுவார். அதுதான் அவருடைய தொழில். மூளையில் மிச்சம் இருந்ததும் அது ஒன்றுதான்.

"சரத் அய்யே! சரத் அய்யே!"

அண்ணா என்று சிங்களத்தில் கூப்பிட்டபடி ஓடினேன். தெரு முழுக்கப் புகை, சிவப்புக் கடதாசித் துண்டுகள். பொடியன்கள் கொடி பிடித்து ஆடுகிறார்கள். துறைமுகத்துக்குப் போகும் தெருவில் பிரேக் கிறீச்சிட்டது. நீளமாக. பிறகு ஆட்டம் நின்றது.

கொள்கலன் லொறி. சாரதி தெருவோரம் குந்தியிருந்து சொன்னான். புகைக்குள்ளிருந்து கையை விரித்துக்கொண்டு வந்தாராம். நின்ற பொடியன்களை ஓரமாகத் தள்ளினாராம். பெரிய குரலில் கத்தினாராம்.

"அயின் வென்ன! அயின் வென்ன!"

விலகுங்கள் என்று அர்த்தம். திக்கவில்லையாம். தெளிவாகக் கேட்டதாம்.

பிரேத அறை வாசலில் மல்லிகா என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. சிங்களத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டா. குரல் எப்படி இருந்ததாம்? எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. நான் படுத்துக் கிடந்தேன். சாரதியைக் கூட்டிவந்து சொல்ல வைத்தேன். மல்லிகா திரும்பவும் சொல்லச் சொன்னா. அவன் திரும்பவும் சொன்னான்.

அடுத்த சனி திரும்பத் தொடங்கினோம். பாலா தலை நிமிரவில்லை. "மிஸ், அவருக்குச் சொல்லக் கஷ்டம் எண்டுதானே நான்..." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

பக்கத்துக் கடைக்காரன் இரும்புக் கதவை இழுத்து விட்டான். தடால்.

படுத்தோம். ஓய்ந்தது. பெயர்கள் வந்தன. பாலா தன் பெயரைச் சொன்னார். நிற்காமல் அடுத்ததும் வந்தது. "சரத்." வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. யாரும் தடுக்கவில்லை.

இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு எண்ணினேன்.

வன்னியில் போனது வதனி. கொட்டாஞ்சேனையில் போனது சரத். அவர் திரும்பக் கண்டெடுத்த இரண்டு சொற்களும் அவரோடு போயின. மண்டபத்தில் எட்டுக் குரல். ஏழு பேர்.