விரல் வைக்கும் முன் வாசித்துச் சொல்

முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்த தோளில் இன்று எங்கள் சங்கத்தையும் சுமந்துகொண்டு, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து என் ஒவ்வொரு சொல்லையும் எடைபோடக் காத்திருக்கும் பெரியோர்களே! வேலை உடையை மாற்றக்கூட நேரமின்றி, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! சுவரோரம் சாய்ந்து நிற்கும் தோழர்களே! வாசலில் நின்றுகொண்டு, இவன் எப்போது முடிப்பான் என்று கடிகாரம் பார்க்கும் ஓட்டுநர் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எழுத்தறிந்தவர் யார்? இதுதான் இன்று நான் கேட்க வந்த கேள்வி. என்னைக் கேட்டிருந்தால், போன ஆண்டுவரை ஒரு நொடிகூட யோசிக்காமல் "நான்தான்" என்று சொல்லியிருப்பேன். சிரிக்காதீர்கள்! இருபத்திரண்டு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். அரைப்புள்ளி ஒன்று அரை அங்குலம் விலகினால் எனக்கு அன்று சோறு இறங்காது. அச்சகத்தை மூடினார்கள், குளிர்கிடங்குக்கு வந்தேன். நான்கு கண்டங்களுக்குப் போகும் பழப்பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டும் பிரிவு. வந்த வாரமே எனக்கு 'வாத்தியார்' என்று பட்டம் கட்டினீர்கள். அந்தப் பட்டம் என் தலையில் கொஞ்சம் கனமாகவே உட்கார்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதே கூடத்தில் சிப்பம் கட்டுகிறவர் ஓர் அக்கா. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அவர் ரகசியம் பேசினாலே மூன்று வரிசை தாண்டிக் கேட்கும் என்பதால் 'சைரன் அக்கா' என்று பெயர். எழுந்து போகாதீர்கள் அக்கா, உங்களைத் திட்டுவதற்கு நான் மேடை ஏறவில்லை!

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் குடை, கோப்பை, முக்கோணம், வண்ணப்பட்டை, இவற்றைப் பார்த்தே அது எங்கே போகிறது, எப்படித் தூக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிடுவார். நான் சீட்டைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இது எந்த நாட்டுக்கு, சொல்லுங்க பாப்போம்" என்று வம்பிழுப்பேன். சரியாகச் சொல்வார். "குருட்டாம்போக்குல அடிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு நான் சிரிப்பேன். கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் காது எரிகிறது.

தோழர்களே, அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். மணி இரண்டு நாற்பது. எங்கள் கூடத்துக்கும் எந்திர அறைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர், அதில் ஓர் உள்கதவு. கதவருகே ஒரு தொடுதிரை. எந்திரம் ஒரு நாட்டில் செய்தது. திரை இன்னொரு நாட்டில் செய்தது. அதற்கான குறிப்பை எழுதியவர் மூன்றாவது நாட்டுக்காரர். பதினோரு மொழிகளில் அது பேசும். நம் தமிழும் அதில் உண்டு என்று அதை மாட்டிய நாளில் மார்தட்டியவன் நான்! அந்தத் தமிழை எழுதியது யார் என்று ஒரு நாளாவது கேட்டேனா? எந்த மனிதரும் எழுதவில்லை. எங்கோ ஒரு கணினி மாற்றித் தள்ளியது.

உண்மையான சைரன் அலறியது. எந்திர அறையில், மூச்சை அடைக்கும் குளிரூட்டும் வாயு கசிகிறது. கூடத்தில் நாங்கள் முப்பத்தொரு பேர். மேற்பார்வையாளர் வெளியே போயிருந்தார். திரையில் எழுத்து பளிச்சிட்டது. "வாத்தியாரே, என்ன போட்டிருக்கு? சீக்கிரம் படிங்க!" என்று எல்லோரும் கத்துகிறார்கள். படித்தேன். "வாயு முழுவதும் வெளியேறும் வரை உள்கதவைத் திறந்து வைக்கவும்."

அழகான தமிழ்! எழுத்துப்பிழை இல்லை. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது. அச்சகத்தில் என் மேசைக்கு வந்திருந்தால் ஒரு கீறலும் போடாமல் அனுப்பியிருப்பேன். கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

அந்த நேரம் உள்ளே இருந்து கதவைத் தட்டும் சத்தம். எங்கள் மெக்கானிக் தம்பி உள்ளே இருக்கிறார்! இனி என்ன தயக்கம்? எழுத்தும் திற என்கிறது. உள்ளே இருக்கும் உயிரும் திற என்கிறது.

என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"வாத்தியாரே, கைய எடுங்க!"

"திறந்து வைக்கவும்னு தெளிவா எழுதியிருக்குக்கா!"

"எழுத்து உங்களுக்குத் தெரியும். படம் எனக்குத் தெரியும். கீழ பாருங்க, கதவு படத்து மேல செகப்பா குறுக்கக் கோடு போட்டிருக்கு. தெறக்காதன்னு அர்த்தம். பெட்டியில தெனம் பாக்குறேன்."

"உள்ள ஆளு இருக்குக்கா!"

"இங்க முப்பத்தொரு பேரு இருக்கோம். அவனுக்கு வெளிப்பக்கம் இன்னொரு கதவு இருக்கு. நீங்க இவங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க. போங்கன்னா போங்க!"

சொல்லிவிட்டு அக்கா கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். கதவின் வட்டக் கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் புகை. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

ஆட்களைச் சரக்கு வாசல் வழியாக வெளியே தள்ளிவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். அக்கா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பலகை நெம்பும் இரும்புக் கம்பியை எடுத்துத் தகரச் சுவரில் அடித்தார். ஓர் அடி. உள்ளே இருந்து ஒரு தட்டு. இரண்டு எட்டு நகர்ந்து இன்னொரு அடி. உள்ளே இருந்து இன்னொரு தட்டு. கண் எரிந்து எதுவும் தெரியாமல் தவிக்கும் மனிதனைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரவைக்கிறார்! சைரன் சத்தத்தில் அக்காவின் பேர்போன குரலே எடுபடவில்லை, இரும்பு எடுபட்டது.

சரக்கு வாசலைத் தாண்டி, சுவர் வெளிப்பக்கம் திரும்பும் மூலையில் அக்கா அடித்தார். பதில் இல்லை. மறுபடி அடித்தார். பதில் இல்லை. நான், "அக்கா..." என்று ஆரம்பித்தேன். "பேசாம இருங்க" என்றார். அதே இடத்தில் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு தரையை ஒட்டி, முழங்கால் உயரத்தில், ஒரு தட்டு கேட்டது. தம்பி தவழ்ந்து வருகிறார்! அக்காவும் குனிந்தார், தரையோரம் அடித்துக்கொண்டே நகர்ந்தார். வெளிக்கதவின் தாழ் உள்ளேயிருந்து விலகியபோது, தம்பி எங்கள் காலடியில் வந்து விழுந்தார்.

அவர் இன்று இரண்டாம் வரிசையில் இருக்கிறார். வலக்கண் பார்வை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. கைதட்ட வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

'மூடி' என்று வரவேண்டிய இடத்தில் 'திறந்து' என்று வந்தது. ஒரே ஒரு சொல்! என் கண்ணுக்குப் பிழையே இல்லாத அந்த வரி முப்பத்தொரு பேரை முடித்திருக்கும். எழுத்தைக் கூட்டிப் படித்தேன். யார் எழுதியது, யாருக்காக எழுதியது, பக்கத்தில் இருக்கும் படம் என்ன சொல்கிறது, எதையும் நான் படிக்கவில்லை.

என் வெட்கம் அத்தோடு முடியவில்லை. பின்னால் இருந்து யாரோ "இன்னும் இருக்கா" என்கிறார்கள். இருக்கிறது ஐயா, பெரியதே இனிமேல்தான்.

மூன்றாம் நாள் விசாரணை. அலுவலக அறையில் அதிகாரி ஒரு கையடக்கத் திரையை நீட்டினார். நடந்ததை எல்லாம் எழுதியாகிவிட்டது, 'சம்மதம்' என்ற இடத்தில் விரல் வைத்தால் போதும் என்றார். ஒவ்வொருவராக வைத்தோம். நானும் வைத்தேன். பிழை திருத்திப் பிழைத்தவன், ஒரு வரியும் படிக்காமல் வைத்தேன்! ஏன்? எல்லோரும் வைத்தார்கள். பக்கம் நீளமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வண்டி வெளியே காத்திருந்தது. வேறென்ன சொல்ல?

அக்காவின் முறை வந்தது. விரலை மடக்கிக்கொண்டார்.

"படிச்சுச் சொல்லுங்க."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதேம்மா, அப்புறம் எதுக்கு?"

"தெரியாததனாலதான் சார் கேக்குறேன். தெரிஞ்சவங்க படிச்சுட்டுத்தானே வெச்சாங்க?"

என் விரல் எனக்கே அந்நியமாகத் தெரிந்தது. "நான் படிக்கிறேன்" என்று அந்தத் திரையை வாங்கினேன். உரக்கப் படித்தேன். பன்னிரண்டாவது வரியில் என் குரல் நின்றது. "எழுத்தறிவற்ற பணியாளர் ஒருவரின் குறுக்கீட்டால், கதவைத் திறப்பதில் தாமதம் ஏற்பட்டு, ஊழியர் காயமடைந்தார்."

காப்பாற்றியவர் மேல் குற்றம்! அதற்குச் சாட்சி, என் விரல்!

அக்கா அழவில்லை. "அந்த வரிய எடுங்க" என்றார்.

"சிஸ்டத்துல ஏத்தியாச்சும்மா, இனி எடுக்க முடியாது."

"அப்ப பேப்பர் குடுங்க. வாத்தியாரே, நடந்தத நடந்தபடி எழுதுங்க. எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டுங்க. ரெண்டு தடவ."

எழுதினேன். இரண்டு முறை படித்தேன். இரண்டு இடங்களில் அக்கா என்னைத் திருத்தினார். "நீங்க கதவுல கை வெச்சத விட்டுட்டீங்க" என்றார். விட்டிருந்தேன் தோழர்களே, தெரிந்தேதான் விட்டிருந்தேன். எழுதிச் சேர்த்தேன். வாழ்நாளில் என் எழுத்தை ஒருவர் சரியாகப் பிழை திருத்தியது அன்றுதான்.

எங்கள் இருவரையும் பத்தொன்பது நாள் வேலை தராமல் வெளியே நிறுத்தினார்கள். சங்கம் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறியது. இருபதாம் நாள் அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து, கதவருகே இருந்த திரையைப் படம் எடுத்தார். திரையின் வாக்கியம் மாறியது, அக்காவின் மேல் இருந்த குற்றமும் போனது. ஆனால் என்னோடு விரல் வைத்த மற்றவர்களின் வாக்குமூலத்தில் அந்தப் பன்னிரண்டாவது வரி இன்றும் அப்படியே இருக்கிறது. அவர்களும் இந்த அவையில்தான் இருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், எழுத்தறிந்தவர் யார்? உலகம் நம் பட்டறைக்குள் வந்துவிட்டது. அது நம் மொழியிலேயே பேசுகிறது, நம் எழுத்திலேயே சிரிக்கிறது, நம் விரலைக் கேட்கிறது. அன்று கைநாட்டு வைத்தவரை ஏளனம் செய்தோம். இன்று படித்தவர்கள் நாம் நாள்தோறும் பத்து முறை கைநாட்டு வைக்கிறோம், கண்ணாடியின் மேல்! அ, ஆ தெரிந்தால் மட்டும் போதுமா? எதிரே இருப்பதை ஏன் என்று கேட்கத் தெரிய வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். அக்காவுக்கு அது தெரிந்தது. அகராதி கரைத்துக் குடித்த எனக்குத் தெரியவில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்குப் புதிய வேலை ஒப்பந்தம் வருகிறது. நானூறு பேர், நானூறு விரல்கள். நாற்பத்தேழு பக்கம் என்று கேள்விப்படுகிறேன். அவசரப்படுத்துவார்கள். வரிசை நீள்கிறது என்பார்கள். பக்கத்தில் இருப்பவர் வைத்துவிட்டார் என்பார்கள். தாய்மார்களே, தோழர்களே, விரலை மடக்கிக்கொள்ளுங்கள்! படித்தவர் படிக்கட்டும், படிக்காதவர் கேள்வி கேட்கட்டும். ஒரு வரி புரியாவிட்டால் நானூறு பேரும் அந்த வரியிலேயே நிற்போம். மாலை ஆனாலும் நிற்போம். மறுநாள் ஆனாலும் நிற்போம்!

யார் முதலில் படிப்பது என்று கேட்கிறீர்களா? நான் படிக்கிறேன். சைரன் அக்கா என் பக்கத்தில் உட்காருவார். நான் எதையாவது விழுங்கினால் பிடித்துக்கொள்வார்.

பொறுமையோடு கேட்ட அவைக்கும், பேச இடம் தந்த தலைமைக்கும், கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்ட ஓட்டுநர் நண்பர்களுக்கும் என் நன்றி. எட்டு மணிக்குச் சந்திப்போம். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள். வணக்கம்.