சிவப்பு வட்டம்

ஜெரேனியப் பூச்செடியை மே மாதக் கடைசியில்தான் வெளியே நடவேண்டும். முந்தி நட்டால் பனி கருக்கிவிடும். எங்கள் ஹாம்ப்ஷயரில் கழுதைக்குக்கூடத் தெரிந்த விஷயம். டாக்டர் ஹாலமுக்குத் தெரியவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். எழுதியதை வாசித்துக்காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பழைய தோட்டங்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய அம்மாள். வின்டல் மாளிகைத் தோட்டத்தை விக்டோரியா ராணி காலத்தில் இருந்தபடியே ஆக்கித் தருகிறேன் என்று வந்து இறங்கினார். கையில் அந்தக் காலத்து வரைபடம். காலில் சேறு படாத பூட்ஸ்.

போன திங்கட்கிழமை சொன்னார்: "இந்தப் படத்துல இல்லாத எதுவும் இனி இங்க இருக்கக் கூடாது, மிஸ்டர் பர்கிஸ்."

"நான்கூடப் படத்துல இல்லியே மேடம்."

"நீங்க இருந்துட்டுப் போங்க. உங்க பேரிக்கா மரங்கதான் இருக்கக் கூடாது." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பதினொரு மரங்கள். கிளை கிளையாகக் கம்பியில் கட்டி, செங்கல் சுவரோடு கைவிரித்து நிற்கும்படி நாற்பத்தொரு வருடம் நான் வளர்த்தவை. வெள்ளிக்கிழமை ரம்பக்காரர்கள் வருவார்கள் என்றார். முதலாளியிடம் போய் நின்றேன்.

"அவங்க படிச்சவங்க பர்கிஸ். நமக்கென்ன தெரியும், விடுங்க" என்றார் அவர்.

சரி, படிப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்போம் என்று வந்துவிட்டேன்.

வரைபடத்தில், செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டுக்கு முன்னால் ஒரு வட்டம் இருந்தது. விளிம்பில் சிவப்பு மை. "வட்டப் பாத்தி. சிவப்பு ஜெரேனியம் வெச்சிருக்காங்க, பாருங்க" என்று விரலால் தடவிக் காட்டினார். பழைய வரைபடத்தில் சிவப்பு என்றால் செங்கல் கட்டுமானம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கே தெரியும். அது மழைநீர்த் தொட்டி. தரைக்கடியில் பதினைந்தடி ஆழம். வாயில் இரும்பு மூடி, அதன்மேல் ஒரு சாண் மண், மண்ணின்மேல் புல்.

புதன்கிழமை மூடியை எடுத்துப் பழைய இரும்போடு போட்டேன். உளுத்த பலகைகளைப் பரப்பி, வெட்டியெடுத்த புல்லை மறுபடி விரித்தேன். ஒட்டுத் தெரியாது. இந்த வட்டாரத்தில் அவ்வளவு சுத்தமாகச் செய்ய வேறு ஆள் கிடையாது. மூடி துருப்பிடித்து விழுந்திருக்கும் என்று உங்கள் ஆட்கள் எழுதிவைத்திருக்கிறார்களாம். அவர்களும் படித்தவர்கள்தானே.

வியாழன் காலை, பாத்தியின் நடுவில் முளைக்குச்சி அடிக்க அளவு டேப்போடு வந்தார். ஒரு காலை வைத்தவர் நின்றுவிட்டார்.

"மிஸ்டர் பர்கிஸ், அடியில என்னமோ டொக்குன்னு கேக்குதே. கீழ ஏதாவது இருக்கா?"

ஆறு மாதத்தில் தோட்டத்தைப் பற்றி என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"கெட்டித் தரை மேடம். ரெண்டாவது காலையும் வைங்க."

வைத்தார்.

கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரடிக்குப் போய்ப் புதுத் தளிர்களைக் கட்டினேன். மூன்றாவது மரத்துக்கு வந்தபோது சத்தம் நின்றிருந்தது.

தள்ளிவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பெண்பிள்ளைமேல் கைவைக்கிற ஆள் இல்லை நான். கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.