ஒன்பது மில்லிமீட்டர்

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். கடற்படைத் தளத்தின் பழைய படகுத்துறையிலிருந்து ஊருக்கு வரும் சாலை. அந்த நேரத்தில் அதில் யாரும் நடப்பதில்லை. நண்டுகள்தான் குறுக்கே ஓடும். பவளக்கல்லைப் பொடித்துப் போட்ட சாலை. நிலா இல்லாத இரவிலும் வெள்ளையாகத் தெரியும்... அந்தச் சாலையின் கோடியில், பூட்டிய ஒரு குடிசைக்குள், ஒரு பேனா குதித்தது.

மேலே அல்ல. கீழே. ஒன்பது மில்லிமீட்டர்.

சிரிக்காதீர்கள். இந்தப் படகு பாறையைத் தாண்டக் கடல் ஏற்றம் வேண்டும். அது வர இன்னும் மூன்று மணி நேரம். எஞ்சினை அணைத்தாயிற்று. தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு நெருங்கி உட்காருங்கள். இது நம் சாபாவின் மச்சானுக்கு, அவன் அக்காள் கணவன் பொமாட்டுக்கு நடந்தது. சாபாவ் அதோ முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கேட்டால் சொல்லமாட்டான். நான் சொல்கிறேன்.

பொமாட் தளத்தில் கருவிகள் பார்ப்பவன். துறையை ஒட்டிக் கடலுக்குள் ஒரு கிணறு நிற்கிறதே, அது அவன் பொறுப்பு. சிமெண்டு உறைகளை அடுக்கிக் கட்டியது. ஒரு மீட்டர் அகலம். அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரே ஓட்டை. ஏன் அவ்வளவு சின்னது? பெரிய ஓட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலையும் உள்ளே வந்து ஆடும். சின்ன ஓட்டையில் அலைக்கு வழியில்லை. மெதுவாக ஏறி மெதுவாக வற்றும் கடல் மட்டும் உள்ளே வரும். வெளியே புயலடித்தாலும் உள்ளே நீர் தட்டுப் போலக் கிடக்கும். அதில் ஒரு மிதவை. மிதவையிலிருந்து ஒரு கம்பி, மேலே குடிசைக்குள் போய்ப் பேனாவை நகர்த்தும். பேனாவுக்கு எதிரே தாள் சுற்றிய உருளை. சாவி கொடுத்த கடிகாரம் அதை நாளுக்கு ஒரு தடவை சுழற்றும். நீர் பத்து சென்டிமீட்டர் ஏறினால் பேனா ஒரு சென்டிமீட்டர் ஏறும். காலை ஆறு மணிக்குத் தாளை மாற்றி, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைக்க வேண்டும்.

அந்தத் தாளில் வருகிற கோடு அலை அலையாக, வழுவழுவென்று இருக்கும். கடல் அப்படித்தான் ஏறி இறங்கும். சனிக்கிழமை காலை பொமாட் எடுத்த தாளில் அப்படி இல்லை. இரண்டு பத்துக்குக் கோடு செங்குத்தாக ஒன்பது மில்லிமீட்டர் இறங்கி, கால் மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏறிப் பழைய வளைவில் சேர்ந்திருந்தது. இரண்டு முப்பதுக்கு அதே ஒன்பது செங்குத்தாக ஏறி, மெல்ல இறங்கிச் சேர்ந்திருந்தது.

பொமாட் கம்பியைப் பார்த்தான். கப்பியைப் பார்த்தான். கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டினான். கிணற்றின் கனத்த இரும்பு மூடியில் பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவன் இடுப்பில்.

ஞாயிறு காலைத் தாளிலும் அதேதான். இரண்டு பத்துக்கு இறங்கியது. ஆனால் ஏறியது மூன்று மணிக்கு.

அன்றிரவு அவன் அம்மா நஹாவ் அவனை உலுக்கி எழுப்பினாள். மணி இரண்டு ஐம்பத்தைந்து. வெளியே, வாசலை ஒட்டி, பாக்கோடு மெல்லும் சுண்ணாம்புக் குடுவையில் குச்சி தட்டும் சத்தம். ஒட்டிய சுண்ணாம்பை உதிர்க்க நாமெல்லாரும் தட்டுவதுதான். ஆனால் இருட்டில்கூடத் தட்டும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம், இல்லையா?

டக் டக்... டக்.

வற்றிய கடலின் சேற்று நாற்றம் வீட்டுக்குள் வந்தது.

"யாரும்மா அது?"

"உங்கப்பா" என்றாள் அவள்.

மறுநாள் தாளில் பேனா மூன்று நாற்பதுக்கு ஏறியிருந்தது.

பொமாட் பேயை நம்புகிறவன் இல்லை. தாளை நம்புகிறவன். உட்கார்ந்து யோசித்தான். நீர் திடீரென்று ஏன் இறங்கும்? நிறைந்த வாளிக்குள் இருக்கும் கல்லை எடுத்தால் நீர் இறங்கும். போட்டால் ஏறும். வாளிக்கு ஓட்டை கிடையாது, நீர் அப்படியே நிற்கும். கிணற்றுக்குத்தான் கட்டைவிரல் ஓட்டை இருக்கிறதே, மெதுவாகச் சரியாகிவிடும். தாளில் இருப்பது அதேதான்! பத்து லிட்டர் கேன்கள் ஏழில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, திங்கள் காலையே கிணற்றுக்குள் இறக்கினான். பேனா ஒன்பது மில்லிமீட்டர் ஏறியது. கால் மணி நேரத்தில் தணிந்தது.

ஆக, எழுபது லிட்டர் இடம் அடைக்கும் ஒன்று இரவில் வெளியே போகிறது. திரும்பி வருகிறது.

மனிதன் தண்ணீரில் மிதப்பதா மூழ்குவதா என்று தடுமாறும் பிராணி. அதனால் அவன் எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை லிட்டர் இடத்தை அடைப்பான். இது பொமாட்டுக்குத் தெரியும். நேராகப் போய்த் தளத்தின் பழைய வேலையாட்கள் அட்டைகளைக் கிளறினான். *கிலேபாக். படகுத்துறைத் தொழிலாளி. எடை எழுபது கிலோ.* அவன் அப்பா.

அதன்பிறகு அலமாரியைத் திறந்தான். ஜெர்மன்காரன் இங்கே தென்னை வைத்தான், ஜப்பான்காரன் பீரங்கி வைத்தான், அமெரிக்கன் விரிகுடா முழுக்கக் கப்பல் வைத்தான், ஆஸ்திரேலியன் இந்தக் கிணற்றை வைத்தான். கிணறு கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள், கரப்பான் அரித்துக் கிடந்தது. ஆஸ்திரேலியன் போய்த் தளத்தில் நம் கொடி ஏறிய வருடத்துத் தாள்கட்டை எடுத்தான். அந்த மாதம் துறையில் ஒரே கூட்டம். போகிற கப்பல், ஏற்றுகிற பெட்டி, கை காட்டுகிற சனம். அந்த மாதத்தில்தான் ஒரு சனிக்கிழமை இரவு கிலேபாக் காணாமல் போனான்.

தளத்தின் கிடங்கிலிருந்து வெடி எடுத்துக் கடலில் போட்டு மீன் பிடிக்கும் ஆள் ஒருவன் இருந்தான். துறை மேஸ்திரி கிசோகாவ். அவன் வெடியில் ஒரு பெண்ணின் கை போயிற்று. கிலேபாக் அதைக் கண்ணால் பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லார் முன்னும் சொல்லப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னான். ஞாயிறு விடிந்தபோது அவன் இல்லை. வேறொருத்தியோடு கப்பலேறிப் போய்விட்டான், நான்தான் கை காட்டி அனுப்பினேன் என்று கிசோகாவ் ஊர் முழுக்கச் சொன்னான். புருஷன் விட்டுப்போனவள் பேச்சு எங்கே எடுபடும்? அந்த மாதமே கிசோகாவும் தலைநகரில் வேலை தேடிப் போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளைப் பொமாட் விரித்தான். இரண்டு பத்துக்குக் கோடு செங்குத்தாக ஒன்பது மில்லிமீட்டர் ஏறியிருந்தது. கால் மணி நேரத்தில் தணிந்திருந்தது. அதற்குப்பின் கீழே குதிக்கவே இல்லை.

மூலையில், அன்று கிணற்றுச் சாவி வைத்திருந்தவன் கையெழுத்து: *கிசோகாவ்.*

இருபத்தொன்பது வருடம் எந்தத் தாளிலும் வேறு குதிப்பு இல்லை. போன வெள்ளிக்கிழமைதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமைக் கப்பலில்தான், ஓய்வுபெற்று, பெட்டியோடு, ரப்பர் செருப்பு படக் படக்கென்று அடிக்க, கிசோகாவ் ஊரில் வந்து இறங்கியிருந்தான்.

"பேய்க்கு இவ்ளோ நாள் தூக்கமா?" என்று படகுக் கோடியிலிருந்து கேட்கிறாயா, அலுப்? தேட ஆள் ஊரில் இருந்தால்தானே தேட?

செவ்வாய் காலைத் தாள்: போனது இரண்டு பத்து, வந்தது நான்கு மணி. பொமாட் ஒரு காகிதத்தில் சாலையை வரைந்தான். கிணற்றிலிருந்து தளத்தின் வாசல் பத்து நிமிட நடை. போக வர இருபது. பாலம் இருபத்தைந்து நிமிடம். போக வர ஐம்பது. பொமாட்டின் வீடு நாற்பத்தைந்து. கோயில் ஐம்பத்தைந்து. முதல் இரவு வாசல்வரை, அடுத்த இரவு பாலம்வரை, பிறகு அவர்கள் வீடு, பிறகு கோயில்... கோயிலைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் கிசோகாவின் வீடு. அதற்கப்பால் சாலையே கிடையாது.

அன்று மாலை கிசோகாவ் வீட்டுக்குப் போனான். ஆள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, இங்கயே இருக்கப் போறேன்னீங்க?"

"எங்கடா இருக்கறது? கொசு தூக்கிட்டுப் போகுது. காலைல அஞ்சு மணிக் கப்பல்." நாற்காலியில் உட்கார்ந்தான். அது முனகியது. "ராத்திரியெல்லாம் எவனோ சுண்ணாம்பு தட்டறான் வேற. ஒவ்வொரு நாளும் கிட்டக் கிட்டக் கேக்குது. எவன்டா அவன்?"

"ஒடம்பு எப்படி இருக்கு மாமா?"

"எனக்கென்னடா! இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரில எடை போட்டாங்க. நூத்தி அஞ்சு கிலோ! அந்தப் பொண்ணு மிஷினப் பாத்து பயந்துட்டா."

நூற்றைந்து லிட்டர், என்று பொமாட்டின் மனம் தானாகக் கணக்குப் போட்டது. பேனா பதின்மூன்று மில்லிமீட்டர் ஏறும்.

நம் தாத்தாக்கள் காலத்தில் செத்த அப்பன் மண்டையோடாக வீட்டு உத்தரத்திலேயே இருப்பார். குற்றம் செய்தவனைக் காய்ச்சலில் தள்ளுவார். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எழுப்பி விட்டுவிடுவார். மண்டையோடுகளை எல்லாம் கடலில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர்கள்தான் நாம். ஆனாலும் அந்த ஒரு வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"மாமா, அந்த சனிக்கிழமை ராத்திரி என்ன நடந்துச்சுன்னு எங்கம்மாகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும். போலீசுக்கெல்லாம் போகமாட்டேன்."

கிசோகாவின் தாடை பாக்கு மெல்லுவதை நிறுத்தியது. பிறகு சிரித்தான்.

"உங்கப்பன் கப்பல்ல போனான்டா. நான்தான் கை காட்டி அனுப்பினேன். உங்கம்மா சுட்ட சாகோ மாவு ரொட்டியத் தின்னவன் எவன்டா ஊர்ல தங்குவான்?"

பொமாட் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். அந்த ரொட்டிப் பேச்சையும் சொன்னான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கெணத்து மூடி பூட்டியிருக்கா?"

"ஆமா."

"ஒங்கப்பாவுக்குப் பூட்டு ஒண்ணுமில்ல. ஆனா ஒடம்போட ஒருத்தனக் கூட்டிட்டு வந்தா எப்படிடா உள்ள போறது?"

பொமாட் இருட்டுவதற்குமுன் தளத்துக்குப் போனான். பூட்டைத் திறந்து, மூடியை நகர்த்தி, திறந்த பூட்டைச் சிமெண்டு விளிம்பின் மேல் வைத்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். தட்டுப் போல நீர். மிதவை. நாள்பட்ட சுண்ணாம்பு வாசம்.

அந்த இரவு அம்மாவும் மகனும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு ஐம்பத்தைந்து. டக் டக்... டக். இம்முறை வாசலில் நிற்கவில்லை. கடந்து போயிற்று.

பிறகு ஒன்றுமில்லை. வௌவால் கத்தவில்லை. நாய் குரைக்கவில்லை. நேரம் மட்டும் போனது.

மூன்று முப்பத்தைந்து. டக் டக்... டக். திரும்பி வருகிறது. ஆனால் அதன் பின்னால் இன்னொரு சத்தம். அவசரம் இல்லாமல், ஒரே சீராக, தூக்கத்தில் நடக்கிறவனைப் போல...

படக். படக். படக்.

ரப்பர் செருப்பு.

பொமாட் எழுந்தான். கதவின்மேல் கை வைத்தான். அந்த ஒரு நொடியில் கூப்பிட்டிருக்கலாம். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடிப்பு வலித்தது. சத்தம் இரண்டும் பாலத்தின் பக்கம் போய்த் தேய்ந்தன.

காலை ஆறு மணிக்குக் கிணற்றுக்குப் போனான். மூடி மூடியிருந்தது. அவன் விளிம்பில் வைத்த பூட்டு வளையத்தில் மாட்டிப் பூட்டியிருந்தது. சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது.

உருளையிலிருந்து தாளைக் கழற்றினான். பார்க்கவில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கிசோகாவின் தம்பி மகன் வாசலில் நின்றிருந்தான்.

"அத்தை, பெரியப்பாவப் பாத்தீங்களா? பெட்டி அங்கயே இருக்கு. கப்பலும் போயிடுச்சு. படுக்கையில ஆள் இல்ல."

நஹாவ் பாக்கை வாயில் போட்டாள். குச்சியைக் குடுவைக்குள் விட்டு எடுத்து, விளிம்பில் தட்டினாள்.

"கப்பல்ல போனான்" என்றாள். "நான்தான் கை காட்டி அனுப்பினேன்."

பையன் போன பிறகு பொமாட் தாளை மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் சிப்பி வைத்து, அளவுகோலை எடுத்தான். இரண்டு பத்துக்குப் பேனா இறங்கியது ஒன்பது மில்லிமீட்டர். நான்கு இருபதுக்கு ஏறியதை மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் இருபத்திரண்டு.

ஒன்பதும் பதின்மூன்றும் இருபத்திரண்டு. வெளியே போனது ஒருவர். உள்ளே வந்தது இரண்டு பேர்.