ஊசி அண்ணன் எடுத்துப் போன இசைத்தட்டுகள் பற்றி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி எல்லாம் முதல் புகாரில் எழுதியிருக்கிறபடியே. அதில் மாற்றம் இல்லை. வயது ஐம்பத்தேழு. தொழில் காலணி வியாபாரம். நடைபாதையில் தார்ப்பாய் விரித்து ஆரம்பித்தேன், இப்போது மாடியும் கோடவுனும் உள்ள சொந்தக் கடை. என் புகாரின் பேரில் அழைத்து வரப்பட்டு இந்த நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ரெக்கார்டு பிளேயர் மெக்கானிக் விஷயமாக, யாரும் தூண்டாமல் நானே வந்து இதைச் சொல்கிறேன். அவரை எல்லாரும் ஊசி என்பார்கள். நான் ஊசி அண்ணன் என்பேன். என் மனைவி சித்தப்பா என்பாள். அவளுடைய அப்பாவுக்கு அவர் அவ்வளவு நெருக்கம். புகார் கொடுத்த நாளிலிருந்து என் மனைவி என்னோடு பேசாமல் இருந்தாள்.

என் மாமனார் வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளத்தில் சாப்பாட்டுக்குப் போக மிச்சமெல்லாம் இசைத்தட்டாக வாங்கியவர். அவர் காலமான பிறகு அந்தத் தட்டுகள் என் மனைவிக்கும் அவள் தம்பியான என் மச்சானுக்கும் பொதுவாக வந்தன. அவர் இருந்தது வாடகை வீடு என்பதால் சீக்கிரம் காலி செய்ய வேண்டியிருந்தது. வாசல் அறைச் சுவர் முழுக்கப் படம் போட்ட கவர்கள், தரையிலிருந்து கூரை வரை, ஒரு விரல் நுழையாதபடி நெருக்கி அடுக்கியிருந்தன. உள் அறையில் அதே அளவுக்கு, படமோ எழுத்தோ இல்லாத வெள்ளைக் காகித உறைகளில் தட்டுகள் இருந்தன. மாமனார் உயிரோடு இருந்தவரை அந்த உள் அறைக்குள் ஊசி அண்ணனைத் தவிர யாரையும் விட்டதில்லை. பெற்ற மகளே கதவுக்கு வெளியே நின்றுதான் பாட்டுக் கேட்டிருக்கிறாள்.

அதன் பிறகு இதை எப்படி விற்பது என்று பேச்சு வந்தது. மச்சான், நல்லதாகப் பொறுக்கி ஒவ்வொன்றாக விற்கலாம் என்றான். என் மனைவி, "எங்கப்பா ஒண்ணொண்ணா சேர்த்தது. போனா ஒரே ஆள்கிட்ட போகட்டும். உதிரியாப் போச்சுன்னா அப்புறம் என்கிட்ட பேசாதீங்க" என்றாள். விற்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எதையும் விற்கத் தெரிந்தவன் என்று என் மனதில் ஓர் எண்ணம் உண்டு. அதோடு, எனக்குத் தெரியாத ஒரு சரக்கைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது, அது எங்கே போகிறது, யார் வாங்குகிறார், ஏன் வாங்குகிறார் என்று தெரிந்தே ஆக வேண்டும். ஏலம் போடுகிறவர், மொத்தமாக எடுக்கிறவர், கமிஷனுக்கு வைத்து விற்றுத் தருகிறவர் எல்லாரிடமும் போனில் விசாரித்தேன். செருப்பை வாங்குகிறவன் காலில் போட்டுப் பார்ப்பான். இந்த ஆட்கள் பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. கவர் முனை மடங்கியிருக்கிறதா, அதன் முதுகு விளிம்பில் எழுத்து அழிந்திருக்கிறதா, யாராவது பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார்களா என்றுதான் கேட்டார்கள். எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. அதில் மொத்த வியாபாரி ஒருவர், "பாதி விலை கவருக்குத்தான் சார். கவர் இல்லாத தட்டுன்னா நான் தொடவே மாட்டேன்" என்றார்.

அதைக் கேட்ட பிறகு நான் உள் அறைக்குப் போய் வெள்ளை உறையில் சிலதை உருவிப் பார்த்தேன். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த பெயர்கள் வாசல் அறைக் கவர்களிலும் இருந்தன. என் கடையில் ஷோகேஸுக்கு ஒரு ஜோடி, கோடவுனில் ஒரு ஜோடி இருக்கும். அதே மாதிரி இது இரண்டாவது பிரதி, கவர் இல்லாத கழிவு என்று முடிவு கட்டினேன். கவர்களை யாரும் தொடக் கூடாது, முனை மடங்கும் என்று என் மனைவி உத்தரவு போட்டிருந்ததால் அதில் ஒன்றைக்கூட உருவிப் பார்க்கவில்லை. அதன் பிறகு மச்சான் வெள்ளை உறைகளை எல்லாம் தூக்கி மொட்டை மாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கினான்.

அன்று ஊசி அண்ணன் பிளேயரைக் கழற்றி எடுக்க உதவிக்கு வந்திருந்தார். மாடியைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்து, "மாப்பிள்ளை, அதுவும் இதுவும் சேர்ந்து..." என்று ஆரம்பித்தார். கமிஷனுக்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன். "அண்ணே, ஊசி மாத்துறதோட நிறுத்திக்குங்க. வியாபாரம் நான் பார்த்துக்கறேன்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து, "வெயில்ல வெச்சா..." என்றார். "அவ்வளவு அக்கறைன்னா நீங்களே அள்ளிக்கிட்டுப் போங்க, இடம் காலியாகட்டும்" என்றேன். அவர் தெருவுக்கு இறங்கினார். ஒரு வண்டி பிடித்து, ஒவ்வொன்றையும் நிமிர்த்தி நிற்க வைத்து ஏற்றிக்கொண்டு போனார். கழிவுக்கு இவ்வளவு பவிசா என்று மச்சான் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு, மொத்தமாக வாங்க ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். அவர் கவர்களை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார், கட்டைவிரலால் கவர் முதுகைத் தடவினார், கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் விலை அங்கேதான் எழுதியிருக்கும். பிறகு அவர் ஒரு கவரைச் சாய்த்தார். உள்ளேயிருந்து தட்டுக்குப் பதிலாகச் சதுரமாக வெட்டிய ஓர் அட்டை விழுந்தது. இன்னொன்றைச் சாய்த்தார், அதிலும் அட்டை. எதை எடுத்தாலும் அட்டை. "சார், நான் தட்டு வாங்க வந்தேன். அட்டை வாங்க இல்லை" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் கடையில் திருடன் புதுச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, பழசைப் பெட்டிக்குள் வைத்து, கனம் குறையாதபடி மூடிவிட்டுப் போவான். பெட்டிக்குள் வேறொன்று இருந்தால் திருட்டு என்பது எனக்கு ஊறிப்போன பாடம். அந்த வீட்டுச் சாவி வைத்திருந்த வெளி ஆள் ஊசி அண்ணன் ஒருவர்தான். அன்றே இங்கு வந்து புகார் கொடுத்தேன். அதன்பேரில் இன்று காலை அவருடைய பட்டறையில் இருந்த தட்டுகள் எல்லாம் கைப்பற்றப்பட்டு இந்த நிலையத்துக்கு வந்தன. "மாப்பிள்ளைதான் கொடுத்தாரு" என்று அவர் சொன்னார். உதவி ஆய்வாளர் என்னைக் கேட்டபோது, நான் கொடுத்தது கழிவு மட்டும்தான், கவருக்குள் இருந்த நல்லதைக் கேட்கிறேன் என்று சொன்னேன். அப்போது அது உண்மை என்றுதான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு விஷயம் குடைந்துகொண்டே இருந்தது. பாதி விலை கவருக்கு என்று ஆகிவிட்டால், சரக்குத் தெரிந்த திருடன் கவரை ஏன் விட்டுவிட்டுப் போகிறான்? சரக்குத் தெரியாத திருடன் இத்தனை கவருக்கும் உட்கார்ந்து அளவெடுத்து அட்டை வெட்டுவானா? ஊசி அண்ணனுக்குச் சரக்குத் தெரியும், ஆனால் கை நடுக்கம் உண்டு. அட்டையின் வெட்டு அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருந்தது. இதை யோசித்தபடி ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதில் பாதி அறுந்த எட்டு என்ற அளவு எண்ணும், ஒரு யானைத் தலையும் இருந்தன. யானை என் கடையின் முதல் முத்திரை. வாங்குகிறவர்கள் கனமான செருப்பு என்று நினைக்கிறார்கள் என்பதால் அதை நான் மாற்றி வெகு காலம் ஆகிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணம் ஆன புதிதிலிருந்து மாமனார் பார்க்கும்போதெல்லாம், "மாப்பிள்ளை, காலி டப்பா இருந்தா அனுப்புங்க" என்பார். நானும் வண்டியில் போட்டு அனுப்புவேன். கஞ்ச மனுஷர், அடுப்பெரிக்கவோ என்னவோ என்று நினைத்துக்கொள்வேன். உலகத்தில் உள்ள சரக்கையெல்லாம் ஏன் எதற்கு என்று கேட்கிற நான், அவரிடம் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. உள்ளே அட்டை கொடுத்தால் கவர் வளையாமல் நிற்கும்; புதுச் செருப்புக்குள் காகிதம் அடைக்கிற அதே வேலைதான். அட்டையை வைத்தவர் மாமனார். அப்படியானால் தட்டுகளை எடுத்து வெள்ளை உறையில் போட்டு உள் அறையில் வைத்தவரும் அவரே. இரண்டாவது பிரதி என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒற்றைக் கால் செருப்பை யாருக்கும் விற்காத நான், இடது காலை வைத்துக்கொண்டு வலது காலை அள்ளிக் கொடுத்திருக்கிறேன்.

உடனே இங்கு வந்து, பெஞ்சில் இருந்த ஊசி அண்ணனிடம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் தட்டை உருவினால் அதன் விளிம்பு கவரின் ஓரத்தை அறுத்துவிடும், அதனால்தான் மாமனார் தனியாக வைத்தார் என்றார். இதை ஏன் இங்கே சொல்லவில்லை என்றேன். "சொன்னேன் மாப்பிள்ளை. ரைட்டர் தம்பிக்குக் கவர் எது, தட்டு எதுன்னு பிடிபடலை. நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு உங்க முகத்தைப் பார்த்தேன். நீங்க அவரைவிடச் சத்தமாப் பேசிக்கிட்டிருந்தீங்க" என்றார். இதை எழுதும் ரைட்டர் இந்த வரியை விட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

எடுத்துப் போனதை என்ன செய்வதாக இருந்தீர்கள் என்றும் கேட்டேன். "கவரை நீங்க விலை பேசி முடிச்சதும் வாங்குறவரைக் கூப்பிட்டு, மீதி என்கிட்ட இருக்குன்னு சொல்லலாம்னு இருந்தேன். உங்களுக்குத்தான் காது கேட்காதே" என்றார்.

இந்தத் தட்டுகள் திருட்டுப் பொருள் அல்ல. என் வாயால் கொடுத்தவை. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று என் கடையில் பலகை மாட்டியிருக்கிறேன். அது எனக்கும் பொருந்தும். கவர் எங்களுடையது, தட்டு அவருடையது. இந்த நிலையத்திலிருந்தே என் மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவள் போனைச் சித்தப்பாவிடம் கொடுக்கச் சொல்லி அவரோடு வெகு நேரம் பேசினாள். பிறகு என்னிடம், "தம்பியும் இங்கதான் இருக்கான், அவன்கிட்டயும் கேட்டுட்டேன். கவரையும் சித்தப்பாகிட்ட கொண்டுபோய் வெச்சிடுங்க. ஒண்ணாச் சேர்த்து, யாருக்குக் கொடுக்கணும்னு அவரே பார்த்து விக்கட்டும், வர்றதுல பாதி அவருக்கு. நீங்க விலை பேச வேண்டாம். டப்பா மட்டும் அனுப்புங்க" என்றாள். நான் சம்மதித்தேன். வியாபாரியாகப் பார்த்தாலும் இதுதான் சரியான வழி என்பதை இங்கு பதிவு செய்கிறேன்.

ஆகவே என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அவரை உடனே அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் புகாரில் திருடன் என்று நான் சொல்லிய இடத்தில் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் என் கையெழுத்தை இட்டிருக்கிறேன். இன்னொன்று: கைப்பற்றிய தட்டுகள் இந்த அறையில் மேற்கு ஜன்னலுக்குக் கீழே படுக்க வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. மதியத்துக்கு மேல் அங்கே வெயில் விழும், தட்டு வளைந்துபோகும். ஊசி அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்த நேரம் முழுதும் அந்த ஜன்னலையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். காகித வேலை முடிய நேரம் ஆகும் என்றால், அதற்கு முன்னால் அவற்றை நிழலில் நிமிர்த்தி வைக்க அனுமதி தரும்படி கேட்டேன். அனுமதி கிடைத்தது. நானும் ரைட்டரும் எடுத்துக் கொடுக்க, ஊசி அண்ணன் அடுக்கினார்.

நான் சொன்னதைத்தான் ரைட்டர் எழுதியிருக்கிறார். படித்துக் காட்டியதைக் கேட்டேன், குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டேன். இதில் உள்ளதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)